நெல்லை வீட்டுக்கு வங்காள மருமகள்: வெளிமாநிலச் சம்பந்தம் பற்றிக் குடும்பப் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

வெளிமாநிலச் சம்பந்தம் பற்றிய படம் என்று என்னிடம் வரும் கதைகளில் பாதி ரசகுல்லாவில் தொடங்கி இட்லியில் முடிகின்றன. நடுவில் ஒரு மாமியார், ஒரு மொழிக் குழப்பம், கடைசியில் மண்டபத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறு படங்களில் வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு படத்தை எழுத்திலிருந்து தணிக்கை வரை இழுத்துக்கொண்டு போனபோது நான் பட்டதையும், பிறகு வந்தவர்கள் தடுக்கி விழுந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். எட்டாவது வேலையை இரண்டாவதாகச் செய்தவர்கள்தான் பணத்தை அதிகம் விட்டிருக்கிறார்கள்.

கேமராவுக்கு முன்னால் தேவைப்படுபவை மூன்று. உங்களை அடுக்களை வரை விடும் இரண்டு வீடுகள், வங்காளியில் எழுதிய வசனத்தைப் படித்துச் சிரிக்கவோ முறைக்கவோ கூடிய ஒருவர், நல்ல ஒலிப்பதிவாளர். கேமரா நாள் வாடகைக்குக் கிடைக்கும். இந்த மூன்றும் அப்படிக் கிடைக்காது.

1. இரண்டு வீடுகளை முடிவு செய்யுங்கள்

‘தமிழ்ப் பையன், வங்காளப் பெண்’ என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடும். பையன் எந்த வீட்டுப் பையன்? நெல்லை டவுன் ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் சைவ வீடா, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துப் பக்கம் இருக்கும் கிறிஸ்தவ வீடா, மேலப்பாளையத்து முஸ்லிம் வீடா, வீரவநல்லூரில் வாசல் தாண்டினால் சௌராஷ்டிரம் பேசும் வீடா? வீடு மாறினால் சாப்பாடு மாறும், கல்யாணத்துக்குப் பொருந்தும் சட்டம் மாறும், யார் சொல்லுக்கு எல்லாரும் அடங்குவார்கள் என்பதும் மாறும்.

அந்தப் பக்கமும் அப்படித்தான். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த வீட்டை ‘பாங்கால்’ என்றும், மேற்கிலேயே இருந்த வீட்டை ‘கோட்டி’ என்றும் அவர்களே பிரித்துக் கேலி பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கு இலிசா மீன் பெரிது, மற்றவருக்கு இறால். கால்பந்தில்கூட வேறு வேறு அணி.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணம்தான்: டவுன் சைவ வீட்டுப் பையன், கொல்கத்தாப் பெண்.

2. சொந்த வீட்டை முதலில் விசாரியுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. நம் வீடு நமக்குத் தெரியாதா என்று நினைப்பு. தெரியாது. நாமெல்லாம் கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடியவர்கள். யார் எதை ஏன் செய்தார்கள் என்று நின்று பார்த்ததில்லை.

ஒரு தம்பி நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். வங்காளச் சடங்கெல்லாம் வரிசையாக, சுத்தமாக இருந்தது. நம் பக்கம் ‘கல்யாணம் நடக்கிறது’ என்று ஒரே வரி. மறுநாள் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) விருந்து யார் வைப்பார்கள் என்று கேட்டேன். “மாப்பிள்ளை வீடுதானே?” என்றான். அவனுடைய ஆச்சியிடமே போய்க் கேட்கச் சொன்னேன். “பொண்ணு வீட்டுக்காரவ வைக்கதுலே அது. மாப்பிள்ளைச் சொதின்னு சும்மாவா சொல்லுதாவ?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான்.

அதனால் ஒரு நோட்டுடன் உங்கள் ஆச்சியிடம் உட்காருங்கள். தாலி கட்டியதிலிருந்து மறுவீடு முடியும்வரை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் யார் யாருக்குப் போடுகிறார்கள், தாய்மாமன் எங்கெல்லாம் வந்து நிற்கிறார், யார் முன்னால் யார் உட்கார மாட்டார்கள், எந்த விஷயத்தைப் பேசினால் அறை அமைதியாகிவிடும் என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வாயால் வராது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. அப்புறம் அடுத்த வீட்டில் போய் உட்காருங்கள்

கல்யாண வீடியோக்களைப் பார்த்து எழுதாதீர்கள். வீடியோவில் சடங்கு தெரியும், சங்கடம் தெரியாது. கூடங்குளம், மகேந்திரகிரி போல மத்திய அரசு வேலை இருக்கும் இடங்களில் பல மாநிலத்துக் குடும்பங்கள் உண்டு. விசாரித்தால் ஒரு வீடு அமையும். குறைந்தது மூன்று முறை, கேமரா இல்லாமல் போங்கள். முதல் முறை ஆல்பம் காட்டுவார்கள். இரண்டாம் முறை சோறு போடுவார்கள். மூன்றாம் முறைதான் நீங்கள் இருப்பதை மறந்து ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தச் சண்டை.

சாப்பிடும் வரிசையைக் கவனியுங்கள். வங்காளச் சாப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ‘சுக்தோ’ என்ற கசப்புக் கறியில் தொடங்கி, பருப்பு, காய், மீன் என்று போய்ச் சட்னியிலும் இனிப்பிலும் முடியும். நம் இலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பிவிடுவோம். அந்தப் பெண் நம் பந்தியில் உட்கார்ந்தால் முதலில் பாகற்காயைத் தேடுவாள். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய் என்ன சொல்லுவாள்? இதுவே ஒரு முழுக் காட்சி, ஒரு வசனம்கூட வேண்டாம்.

நிறத்தையும் கவனியுங்கள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை அங்கே சுமங்கலியின் மங்கல உடை. நம் பழைய வீடுகளில் வெள்ளைச் சேலைக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இது பல பேர் தொட்ட விஷயம்தான், வைத்தால் சுருக்கமாக வையுங்கள்.

முறைப்பெண் கிளைக்கதை வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. அத்தை மகள், மாமன் மகள் எல்லாம் அவர்களுக்கு உடன்பிறப்பு போல. ‘இவளைத்தான் கட்டுவதாக இருந்தது’ என்று நம் ஆள் சாதாரணமாகச் சொன்னால், எதிரே இருக்கும் மாமனார் முகம் போகும் போக்கை நடிகருக்கு நீங்கள் முன்கூட்டியே விளக்க வேண்டும். காமெடி என்று நினைத்து அவர் சிரித்துவிட்டால் காட்சி போச்சு.

வேறுபாட்டை மட்டும் தேடாமல் ஒற்றுமையையும் குறித்து வையுங்கள். நம் பெண்கள் குலவை போடுகிறார்கள், அவர்கள் உலு போடுகிறார்கள். நாக்கை அசைத்து எழுப்பும் அதே மங்கல ஒலி. இரண்டு பாட்டிகளுக்கும் பொது மொழி இல்லாத படத்தில் இந்த ஒலி எவ்வளவு வேலை செய்யும் என்று யோசியுங்கள். ஒலிப்பதிவாளரை முதலிலேயே பிடிக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இதுதான்.

4. முட்டும் இடத்தை ஒரே நாளில் வையுங்கள்

கல்யாண நாளைக் கதையின் உச்சமாக வைப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மண்டபத்தில் எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கும், மேளச் சத்தம் வேறு. யாரும் யாரோடும் உண்மையாகப் பேச முடியாது. அடுத்த நாள்தான் வீடு வெறிச்சென்று இருக்கும், வாய் திறக்கும்.

நம் உதாரணத்தையே பாருங்கள். மறுநாள் நெல்லை வழக்கப்படி மறுவீடு: பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைக்க வேண்டும். வங்காள வழக்கத்தில் கல்யாணத்தை ஒட்டி வருவது ‘பௌபாத்’: மாப்பிள்ளை வீட்டில், புதுப்பெண் தன் கையால் புகுந்த வீட்டாருக்குச் சோறு பரிமாற வேண்டும். புருஷன் அவளுக்கு ஒரு தட்டில் சோறும் சேலையும் கொடுத்து, உன் சோற்றுக்கும் துணிக்கும் நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். ஒன்றில் பெண் வீடு ஊட்டுகிறது, இன்னொன்றில் மாப்பிள்ளை வீட்டில் பெண் ஊட்டுகிறாள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டால், யார் அடுப்பை யார் பற்றவைப்பது என்ற கேள்வி தானாக வரும்.

கொல்கத்தாவிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பம் சொதிக்கு எங்கே போகும்? தேங்காய்ப்பால் எடுக்க யார் கற்றுக்கொடுப்பார்கள்? அவர்கள் வழக்கப்படி அலங்கரித்த முழு ரோகு மீன் ஒன்று சீர்வரிசையோடு வந்து சைவ வீட்டு வாசலில் இறங்கினால்? வில்லன் தேவையில்லை. மீன் போதும்.

5. சட்டக் காட்சியைச் சரிபாருங்கள்

காலையில் ஓடிப்போய்ப் பதிவாளர் அலுவலகத்தில் நுழைந்து, பதினோரு மணிக்கு மாலையோடு வெளியே வருவதாக எழுதுகிறார்கள். இரு மதத்தார் என்றால் அப்படி நடக்காது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது தங்கியிருந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபத்துக்கு 30 நாள். அதன்பின் மூன்று சாட்சிகளோடு திருமணம். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பலகையில் பையன் பெயரைச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிடுவதே ஒரு திருப்பம். சட்டம் உங்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்கிறது.

எங்கள் உதாரணத்தில் இருவரும் இந்துக்கள். மாநிலம் வேறு என்பதால் சட்டம் மாறாது, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே போதும், 30 நாள் காத்திருப்பும் இல்லை. 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7-அ பிரிவால் சுயமரியாதைத் திருமணமும் செல்லும். எந்த முறையில் நடந்தாலும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பிழையாக எழுதி, படப்பிடிப்பில் துணை நடிகராக வந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் எல்லார் முன்னாலும் திருத்த நேர்ந்தது எனக்கு நடந்திருக்கிறது.

6. பேச்சை எழுதுங்கள், அப்புறம் பாதியை அடியுங்கள்

நெல்லைத் தமிழ் என்றதும் வரிக்கு வரி ‘ஏலே’ போடுகிறார்கள். ஆச்சி மாப்பிள்ளையிடம் ‘ஏலே’ என்று பேச மாட்டாள். மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது: ‘எப்ப வந்திய’, ‘அவிய சொல்லுதாவ’, ‘இங்ஙன இருங்க’. அண்ணன் மனைவி ‘மைனி’. பத்து வரிக்கு ஒரு ‘ஏலே’ போதும், அதுவும் சரியான வாயில்.

புதுப்பெண்ணின் தமிழை உடைத்து எழுதிச் சிரிக்க வைப்பது சோம்பேறித்தனம். அவள் யாரிடமிருந்து தமிழ் கற்றாள் என்று முடிவு செய்யுங்கள். புருஷனிடம் கற்றால் அலுவலகத் தமிழ் பேசுவாள். ஆச்சியிடம் கற்றால் மூன்றே மாதத்தில் புருஷனைவிட நல்ல நெல்லைத் தமிழ் பேசுவாள். சொந்தப் பேச்சைச் சென்னையில் தொலைத்துவிட்டு வந்த பையனுக்கு அது கொஞ்சம் குத்தும்.

அந்த நடிகையைச் சொந்தக் குரலில் பேச விடுங்கள். பின்னணிக் குரல் சேர்த்தால் தயங்கித் தேடும் அந்த அரை நொடி போய்விடும்.

7. நாட்களைக் குறியுங்கள்

கதைக்குள் கல்யாணம் எந்த மாதம்? ஆவணியில் வைத்தால் நமக்குச் சரி. ஆனால் அது வங்காளத்தில் பாத்ரோ மாதம், அவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மார்கழி இரண்டு பேருக்கும் ஆகாது. தை, மாசி இரண்டு பக்கமும் ஒத்துவரும். தையில் பிசானப் பருவத்து நெல்லும் வயலில் பச்சையாக நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், தையில் மண்டபம் கிடைக்காது. கிடைத்தாலும் கல்யாண வாடகை கேட்பார்கள். அதனால் மண்டபத்தின் உட்காட்சிகளை முகூர்த்தமில்லாத மாதத்தில் எடுத்துவிட்டு, வெளிக்காட்சிகளைத் தைக்கு ஒதுக்குங்கள். நாதஸ்வரக்காரர்களும் முகூர்த்தமில்லாத மாதத்தில்தான் ஓய்வாக இருப்பார்கள். ஆடியில் எடுத்தால் காற்றுச் சத்தம் மைக்கை அறையும். மார்கழியில் எடுத்தால் விடிகாலை ஒலிபெருக்கி. நான் மார்கழியைத் தேர்ந்தெடுப்பேன், காலை ஒன்பது மணிக்குப் பிறகு. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் வால் அப்போதும் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆற்றோர வீட்டின் தரைத்தளத்தில் கருவிகளை வைக்காதீர்கள்.

நம் முகூர்த்தம் பெரும்பாலும் காலை, அவர்களுடையது அந்திக்குப் பிறகு. இரண்டு கல்யாணமும் படத்தில் உண்டென்றால் ஒரே நாளில் இரண்டையும் எடுக்கத் திட்டமிடாதீர்கள். பதினெட்டு மணிநேரம் அலங்காரத்தோடு இருந்த முகம் கேமராவில் பொய் சொல்லாது.

8. சாமான்களை முன்பே சொல்லி வையுங்கள்

பத்தமடையில் மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். நயமான கோரைப்பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். படப்பிடிப்புக்கு நான்கு நாள் முன்னால் போய் நின்றால் கடையில் தொங்கும் பாய்தான் கிடைக்கும். கதாபாத்திரங்களின் பெயர் முடிவான அன்றே சொல்லிவிடுங்கள். அதன்பின் பெயரை மாற்றக் கூடாது. வங்காளி எழுத்தில் பெண்ணின் பெயரை நெய்ய வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக வரைந்து, அந்த மொழி தெரிந்தவர் சரிபார்த்த தாளைக் கொடுங்கள்.

சங்கு வளையலைப் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள், கையசைவில் சத்தம் காட்டிக்கொடுக்கும். வங்காளத்தில் கட்டிய பெண்கள் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் அணிவார்கள். அந்தச் சங்கு நெடுங்காலம் தூத்துக்குடிக் கடலிலிருந்துதான் அங்கே போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடியும் 1986 வரை திருநெல்வேலி மாவட்டம். மருமகள் கையைப் பார்த்துத் தாத்தா இதை ஒருமுறை சொல்லலாம். இரண்டு முறை சொன்னால் பாடம் நடத்துவது போல ஆகிவிடும்.

9. அனுமதிகள்

கோயிலுக்குள் எடுப்பதற்கு அறநிலையத்துறை, தெருவுக்கு மாநகராட்சியும் காவல்துறையும், ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குத் தென்னக ரயில்வே, பாபநாசம், மாஞ்சோலைப் பக்கம் வனத்துறை (அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்). ஒவ்வொன்றும் தனிக் கடிதம். நெல்லையப்பர் கோயில் கிடைக்கும் என்று நம்பிக் கதை எழுதாதீர்கள். குறுக்குத்துறை ஆற்றங்கரையில் நடக்கும்படி மாற்று ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். கூடங்குளம் அணுமின் நிலையமும் விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமும் இருக்கும் மாவட்டம் இது.

மாடு, குதிரை எதுவானாலும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி படப்பிடிப்புக்கு முன்பே வேண்டும். மாட்டுவண்டி ஊர்வலத்தை எடுத்துவிட்டுத் தணிக்கையில் இழந்தவர்கள் உண்டு. குழந்தைகளை ஒரு நாளைக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்கும் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும்.

10. பந்திக் காட்சியை எடுப்பது

படத்தின் உயிர் இங்கேதான் என்பதால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சமையல்காரரை ஒத்திகைக்கும் கூப்பிடுங்கள்.

சொதி விளக்கு வெளிச்சத்தில் நிற்காது. மூன்றாம் பால், இரண்டாம் பாலில் காயும் பாசிப்பருப்பும் வெந்தபின், கடைசியாக முதல் பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி, அப்புறம்தான் எலுமிச்சை பிழிய வேண்டும். எடுக்க எடுக்கச் சூடு பண்ணினால் திரிந்துவிடும். எங்கள் படத்தில் மூன்றாவது டேக்கிலேயே திரிந்தது. நெருக்கக் காட்சியில் அது நன்றாகவே தெரிகிறது. அதனால் கால் அண்டாவாக நான்கு முறை வையுங்கள். முதல் பாலைத் தனியே வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அப்போது ஊற்றுங்கள். கூட வைக்கும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் பகல் முழுக்கத் தாங்கும்.

இலையின் நுனி சாப்பிடுபவரின் இடது கைப்பக்கம். இதைத் திருப்பிப் போட்ட படத்தை நெல்லைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். வாடிவிடும் என்பதால் ஒரு ஆளுக்கு ஆறு இலை கணக்கு வையுங்கள். அகலக் காட்சிகளை முதலில் முடித்துவிட்டு முகங்களுக்கு வாருங்கள். வயிறு நிறைந்தபின் யாரும் ஆசையாகச் சாப்பிடுவது போல நடிக்க முடியாது.

நடிகர்களை உண்மையான பசியோடு உட்கார வையுங்கள். ஆச்சியாக நடிப்பவருக்கு மட்டும் முன்பே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர் என்றால் மதியம் இரண்டு மணி வரை தாங்காது.

11. வெட்டு, எழுத்துவரி, தணிக்கை

வங்காளிப் பேச்சுக்கெல்லாம் தமிழ் எழுத்துவரி (சப்டைட்டில்) போட வேண்டாம். ஆச்சிக்குப் புரியாதது பார்ப்பவருக்கும் சில இடத்தில் புரியாமல் இருக்கட்டும். அம்மாவும் மகளும் பிரியும்போது பேசுவதற்கு நாங்கள் எழுத்துவரி போட்டுப் பார்த்தோம், எடுத்தோம், எடுத்ததே நன்றாக இருந்தது.

தாத்தா வாயில் வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறாரா? புகையிலை என்றால் மெல்லுவதும் சேரும். திரையில் எச்சரிக்கை வாசகம், படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் விழிப்புணர்வுக் காட்சி எல்லாம் கட்டாயமாகிவிடும். வெறும் வெற்றிலை பாக்கோடு நிறுத்திவிட்டால் இந்த வேலை இல்லை. ஆனால் அதைப் படப்பிடிப்பில் முடிவு செய்ய வேண்டும், எடிட்டிங் மேசையில் முடியாது.

திரையரங்குக்குப் போகும் படம் என்றால் சென்னை மண்டலத் தணிக்கை அலுவலகத்துக்கு இணையவழியில் விண்ணப்பம். 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ சான்றிதழ் (பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்பது) 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்திருக்கிறது. குடும்பப் படத்துக்கு இந்தப் பிரிவு முக்கியம். மாமனார் அறைகிற ஒரு காட்சி உங்களை எந்தப் பிரிவில் தள்ளும் என்று முன்பே யோசியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் படத்தை இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் ஒருவருக்கொருவர் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். எங்கள் ஆச்சி முழுவதையும் பேசாமல் பார்த்துவிட்டு, “அந்தப் புள்ள சொதியில உப்புப் போடவே இல்லயே, நீ பாக்கலியா?” என்றாள். போய்ப் பார்த்தோம். போடவில்லை. திரும்ப எடுத்தோம்.